ஆடும் முன்சில்லை முறுக்கி அடக்கலாமா?

உழவு இயந்திரத்தின் முன்சில்லு ஆடத் தொடங்கினால் நாம் வழக்கமாகச் செய்வது என்ன? குடத்தின் மூடியைக் கழற்றி, நட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்குவோம். ஆட்டம் நின்றுவிடும். "இந்தப் போகம் தாக்குப்பிடிக்கும்" என்று ஆறுதலடைவோம். ஆனால் உள்ளே தேய்ந்த பெயாரிங் அப்படியேதான் இருக்கிறது. முறுக்கியதால் அது மேலும் உரஞ்சிச் சூடேறுகிறது. கிறீஸ் இளகி வெளியேறுகிறது. அதன் பின்னர் உருளைகள் உடைந்து, அச்சுமுனை தேய்ந்து, ஒருநாள் சில்லே கழன்றுவிடக் கூடும்.

எமது ஊர்களில் உழவு இயந்திரம் வயலுக்கு மட்டும் உரியதன்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோதும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியில் ஊர் ஊராக நகர்ந்தபோதும், முதியவர்களையும் குழந்தைகளையும் நெல்மூட்டைகளையும் கூரைத் தகரங்களையும் சுமந்தது அதன் பெட்டிதான். இன்றும் அதே பெட்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டுதான் போகிறோம். ஆகவே முன்சில்லுப் பெயாரிங்கை உரிய காலத்தில் மாற்றப் பழகிக்கொள்வது எமது குடும்பங்களின் பாதுகாப்புக்கான வேலையாகும்.

மசி பெர்குசன் 135 போன்ற பழைய உழவு இயந்திரங்களை மனதிற் கொண்டு இப்பாடத்தை எழுதுகிறோம். பின்சில்லால் ஓடும் பழைய கார்கள், வான்கள் பலவற்றிலும் இதே அமைப்பே உண்டு.

உள்ளே என்ன இருக்கிறது?

மாட்டு வண்டிச் சில்லுக்கு நடுவே குடம் இருப்பது போல, இங்கும் ஒரு இரும்புக் குடம் உண்டு. கராச்சில் இதை ஹப் என்பார்கள். குடத்தினுள் இரண்டு பெயாரிங்குகள் உள்ளன. உட்புறம் இருப்பது பெரியது. வெளிப்புறம் இருப்பது சிறியது. ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகள் உண்டு. சரிவான உருளைகளைக் கொண்ட உள்வளையம் அச்சுமுனையில் ஏறும். வெளிவளையம் குடத்தினுள் இறுக்கமாகப் பதிந்திருக்கும். சேறும் தண்ணீரும் புகாதபடி உட்புறத்தில் ஒரு சீல் இருக்கும்.

வயற்சேற்றில் நாள் முழுவதும் ஓடும்போது, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. துரு பிடிக்கிறது. துருப்பிடித்த இடத்தில் சிறு குழிகள் விழுகின்றன. பெயாரிங் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

எப்படிக் கண்டறிவது?

1. பெட்டியைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தைச் சமமான, இறுகிய தரையில் நிறுத்துவோம். பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்போம். முன் அச்சு நடுவில் ஊஞ்சல் போல அசையக் கூடியது. எனவே அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே இருபுறமும் மர ஆப்பு இறுக்குவோம்.

2. சில்லு நட்டுகளைச் சற்று இளக்கிய பின்னரே ஜக் வைத்து உயர்த்துவோம். உயர்த்தியதும் அச்சின் கீழ் தடித்த மரக்குற்றிகளை அடுக்குவோம். ஜக்கை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. சீமெந்துக் கல்லையும் வைக்கக் கூடாது. அது பாரத்தில் திடீரென வெடித்து நொறுங்கும்.

3. சில்லின் மேற்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் பிடித்து அசைப்போம். இன்னொருவர் உட்புறத்தைப் பார்க்கட்டும். அச்சுமுனை அசையாமல் குடம் மட்டும் அசைந்தால் கோளாறு பெயாரிங்கில். அச்சுமுனையும் சேர்ந்து அசைந்தால் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அப்போது பெயாரிங் மாற்றிப் பயனில்லை.

4. சில்லைச் சுழற்றி, அச்சின் மேல் கைவைத்துப் பார்ப்போம். கரகரப்போ உறுமலோ கைக்குத் தெரிந்தால் திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

கழற்றுதல்

சில்லைக் கழற்றி, குடத்தின் மூடியை எடுப்போம். நட்டைப் பூட்டியுள்ள பின்னை நிமிர்த்தி உருவி, நட்டையும் வாஷரையும் எடுப்போம். குடத்தைச் சற்று முன்னே இழுத்தால் வெளிப் பெயாரிங் கைக்கு வரும். பின்னர் குடம் முழுவதும் வந்துவிடும். சீல் எந்தப் பக்கம் பார்த்தபடி இருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, அதைக் கிளப்பி உட்பெயாரிங்கை எடுப்போம். இடது சில்லின் பாகங்களையும் வலது சில்லின் பாகங்களையும் கலக்காமல், சுத்தமான சாக்கின் மேல் வரிசையாக வைப்போம்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயிற் கழுவித் துடைப்போம். பெற்றோல் வேண்டாம், தீ ஆபத்து உண்டு. பின்னர் வெயிலிற் பிடித்துப் பார்ப்போம். உருளையிலோ வளையத்திலோ குழி, செதில், துரு, சூட்டினால் வந்த நீலநிறம் இருந்தால் அது கழிவு. எல்லாம் வழுவழுப்பாக இருந்தால் புதிது வாங்கத் தேவையில்லை. புதுக் கிறீஸும் புதுச் சீலும் போதும். காசு செலவழிக்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

அச்சுமுனையையும் தடவிப் பார்ப்போம். உள்வளையம் அதன் மேல் சுழன்று தேய்த்திருந்தால், புதுப் பெயாரிங்கும் அங்கே நிலையாக நில்லாது. அச்சுமுனையை மாற்றவோ, கடைச்சற் பட்டறையிற் சரிசெய்யவோ வேண்டும்.

புதியதைப் பொருத்துதல்

கடைக்குப் பழைய பெயாரிங்கையே கொண்டுபோவோம். உள்வளையத்திலும் வெளிவளையத்திலும் தனித்தனி இலக்கம் பொறித்திருக்கும். இரண்டையும் சோடியாகவே வாங்க வேண்டும். குழி விழுந்த பழைய வெளிவளையத்தில் புது உருளைகளை ஓடவிட்டால் அவையும் விரைவிற் கெட்டுவிடும்.

பழைய வெளிவளையத்தை, குடத்தின் மறுபுறத்தால் ஒரு மழுங்கிய கம்பியை வைத்து, இருபக்கமும் மாறி மாறித் தட்டி வெளியேற்றுவோம். பெயாரிங் இரும்பு கடினமானது. சுத்தியலால் நேரே அடித்தால் சில்லுச்சில்லாகத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி அணிவோம். புது வெளிவளையத்தின் அகன்ற வாய் வெளியே பார்க்க வேண்டும். பழைய வளையத்தின் வெளிப்பக்கத்தை அரத்தால் சற்று ராவி, அதைப் புதியதன் மேல் வைத்துத் தட்டினால் நேராக இறங்கும். வளையம் அடியில் முட்டியதும் தட்டும் ஓசை மாறி உறுதியாகக் கேட்கும்.

உள்ளங்கையில் கிறீஸை எடுத்து, பெயாரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளுக்கிடையால் மறுபுறம் பிதுங்கும்வரை நிரப்புவோம். சில்லுப் பெயாரிங்குக்குரிய கிறீஸையே பாவிப்போம். பழைய கிறீஸோடு கலக்கக் கூடாது. குடத்தின் நடு இடைவெளியை முழுவதும் நிரப்பவும் வேண்டாம். கூடினால் சூடேறிச் சீலைத் தள்ளும். உட்பெயாரிங்கை வைத்து, புதுச் சீலைப் பழையது பார்த்த பக்கமே பார்க்கப் பதித்து, குடத்தை அச்சுமுனையில் ஏற்றுவோம்.

நட்டை எவ்வளவு முறுக்குவது?

பாடத்தின் முக்கியமான இடம் இதுதான். வெளிப் பெயாரிங், வாஷர், நட் ஆகியவற்றை ஏற்றிய பின், குடத்தைக் கையாற் சுழற்றிக்கொண்டே, அது சுழலப் பாரமாகும்வரை நட்டை முறுக்குவோம். உருளைகள் இருக்கையில் அமர்வதற்கே இந்த இறுக்கம். உடனே நட்டை இளக்கி, பின்னர் விரலால் மட்டும் இறுக்குவோம். பின் துளைக்கு நேராக வராவிட்டால், அடுத்த வெட்டு நேராகும்வரை இளக்குவோம், இறுக்கக் கூடாது. இவ்வகைப் பெயாரிங்குக்குப் பொதுவாக 0.03 முதல் 0.13 மில்லிமீற்றர் வரை தளர்வு இருக்கலாம். ஏறக்குறைய ஒரு தலைமயிரின் தடிப்பளவு என்று நினைவிற் கொள்வோம். இயந்திரத்தின் கைநூல் வேறு அளவு கூறினால் அதையே பின்பற்றுவோம்.

புதுப் பின்னைப் பூட்டி, மூடியைப் போட்டு, சில்லை ஏற்றி, அதன் நட்டுகளை எதிரெதிராக இறுக்குவோம். வெறுமையாகச் சில கிலோமீற்றர் ஓட்டிவிட்டுக் குடத்தைத் தொட்டுப் பார்ப்போம். இளஞ்சூடு பரவாயில்லை. கைவைக்க முடியாத சூடாக இருந்தால் நட் கூடுதலாக இறுகியிருக்கிறது. சில நாட்கள் வேலை செய்த பின் ஆட்டத்தை மீண்டும் பார்ப்போம்.

ஒரு எச்சரிக்கை. முன்சில்லால் ஓடும் இக்காலக் கார்களில் பெரும்பாலும் மூடிய பெயாரிங் இருக்கும். அதைக் கழற்றவும் பதிக்கவும் அழுத்தும் இயந்திரம் வேண்டும். சுத்தியலோடு அதில் இறங்காமல் கராச்சிற் கொடுப்பதே நல்லது.

ஆண்டுதோறும் காலபோக உழவுக்கு முன் முன்சில்லுகளைத் திறந்து, கழுவி, புதுக் கிறீஸ் இடுவோமாயின் பெயாரிங் நெடுங்காலம் உழைக்கும். ஜக், மரக்குற்றிகள், கம்பி, நல்ல கிறீஸ் ஆகியவற்றை அயலிலுள்ள சில குடும்பங்கள் சேர்ந்து வாங்கி வைத்தால் செலவும் குறையும்.

சேர்ந்து சிந்திப்போம்

1. எமது பெட்டியில் கடைசியாக ஆட்களை ஏற்றுமுன் சில்லுகளை அசைத்துப் பார்த்தோமா?
2. பெட்டியின் சில்லுகளைத் திறந்து கிறீஸ் இட்டு எத்தனை போகம் ஆகிறது?
3. இந்த வேலையை எமது ஊரில் நன்கு அறிந்தவர் யார்? அவரிடமிருந்து இளைஞர்கள் எப்போது பழகப் போகிறார்கள்?