ஐந்து கடை திறக்கப்போகும் தம்பிக்கு



வாணியம்பாடியிலிருந்து ஆற்காடு வரை நெடுஞ்சாலையில் ஐந்து பிரியாணிக் கடை போடுவதாக எழுதியிருக்கிறாய். இடம் பார்த்தாயிற்று, போர்டுக்கு நிறம்கூடத் தேர்ந்தாயிற்று. மாஸ்டர் யார் என்று ஒரு வரியும் காணோம்.

துரித உணவு என்கிறாய். பரிமாறும்போது துரிதம்தான், ஷூ கம்பெனியில் சாப்பாட்டு மணி அடிக்கும்போது பார்சல் தயாராக இருக்க வேண்டும். அதற்கு விடியுமுன்னே காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைக்கணும். தூள் போட்டால் நிறம் வரும், ஆம்பூர் மணம் வராது. சீரக சம்பாவை ஊறவைத்து, முக்கால் பதத்தில் வடித்து, தயிரும் தக்காளியும் சேர்ந்த கறி மசாலாவில் கொட்டி, மூடிமேல் கங்கு அள்ளிப் போட்டு தம் கட்டணும். அந்த முக்கால் பதத்தை மாஸ்டரின் விரல்தான் சொல்லும். (கறிச் சாற்றிலேயே அரிசியை வேகவிடும் திண்டுக்கல்காரர்களுக்குக் கணக்கு வேறு.)

நானும் வேலூரில் ஒரு கிளை போட்டேன். மசாலாவை இங்கே ஆம்பூரில் அரைத்துக் காலை பஸ்ஸில் அனுப்பினேன். பிரியாணி தப்பித்தது, கத்திரிக்காய் கவிழ்த்துவிட்டது. தொட்டுக்கொள்வதுதானே என்று முதல் நாள் மிச்சத்தைச் சூடு பண்ணி வைத்தான் பையன். முதலில் இலையில் கத்திரிக்காய் மிஞ்சியது; அப்புறம் ஆள் வருவதே நின்றது. எட்டு மாதத்தில் பூட்டினேன். கென்டக்கிக் கோழிக்காரர் கர்னல் சாண்டர்ஸ் 1964இல் கம்பெனியை 20 லட்சம் டாலருக்கு விற்றார். பிறகு கிளைகளில் கோழியோடு தந்த குழம்பை அவரே ஊரறியத் திட்டினார். படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1890 முதல் என்று பெயர் சொல்லும் ஸ்டார் பிரியாணி, ஆம்பூரில் தலைமுறைகள் கண்ட பிறகே சென்னைக்கும் பெங்களூருக்கும் போனது. உனக்கு ஒரே வருடத்தில் ஐந்தா?

இன்னொன்று. 2022 மே மாதம் இங்கே பிரியாணித் திருவிழா அறிவித்தார்கள். மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்று சர்ச்சை கிளம்பியது; மழை என்று சொல்லித் தள்ளிவைத்தார்கள். தோல் ஷாப்பில் வேலை செய்பவர் அன்றாடம் சாப்பிடுவது அந்த மாட்டுக்கறி பிரியாணிதான். ஏசி ஹாலுக்குச் செலவு செய்யுமுன் அவருக்கு உன் கடையில் இடம் உண்டா என்று யோசி.

ஒரு கடை போடு. உன் மாஸ்டரிடம் பழகிய ஒருவன், அவர் ஊரில் இல்லாத நாளில் தேக்சாவை இறக்கட்டும். வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாவிட்டால் அடுத்த கடையைப் பற்றிப் பேசலாம். வெள்ளிக்கிழமை விடியற்காலை 4 மணிக்கு வந்துவிடு. மிளகாய் அரைக்க எனக்கு ஆள் குறைகிறது.