சந்தையிற் பேரமும் ஸ்பானிய மொழிப் பயிற்சியும்

பிறமொழியொன்றைப் புத்தகத்தாற் கற்றவர் அம்மொழியின் இலக்கணத்தை நன்கு விளக்குவர். ஆயின், அம்மொழி வழங்கும் ஊரில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கப் புகுந்தால் திகைத்து நிற்பர். இக்குறையைத் தீர்ப்பதற்குச் சந்தையை ஒத்த பள்ளி பிறிதில்லை. அங்கே வினா எழுந்த கணமே விடையும் எழவேண்டும். விடை பிழைபடின், பணப்பை அதனை உணர்த்திவிடும்.

ஸ்பானியம் பயில விரும்பும் பிரயாணிகள் பலர் மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலாவை நாடிச் செல்கின்றனர். 1773ஆம் ஆண்டின் பூமியதிர்ச்சியாற் சிதைந்து, தலைநகரென்னும் நிலையை இழந்த அந்திகுவா என்னும் நகரில், ஆசிரியர் ஒருவர் மாணாக்கர் ஒருவருக்கே கற்பிக்கும் மொழிப்பள்ளிகள் பல உள. அங்கே பாடங் கேட்டவர்கள், மலைநாட்டிலே வியாழனும் ஞாயிறுங் கூடும் சிச்சிக்காஸ்தெனாங்கோச் சந்தைக்குச் சென்று தம் கல்வியைச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். துணி, முகமூடி, பூ, சாம்பிராணி போன்ற கொப்பால் பிசின் யாவும் அங்கே குவிந்திருக்கும்.

முதலிற் கைவரவேண்டுவன எண்கள். அறுபது 'செசெந்தா'; எழுபது 'செதெந்தா'. இரைச்சலிடையே இவ்விரண்டும் ஒன்றாகவே காதில் விழும். ஓரெழுத்தின் வேறுபாடு பத்துக் கெத்சால் ஆகிவிடும். (கெத்சால் என்பது ஒரு பறவையின் பெயர், அந்நாட்டு நாணயத்தின் பெயரும் அதுவே.) கேட்ட எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வதே வழி. உச்சரிப்பிலும் ஒரு பொறியுண்டு. 'விலை அதிகம்' எனப் பொருள்படும் 'காரோ' என்னுஞ் சொல்லில் ரகரம் மெலிந்தொலிக்கும். நாவை அதிரவிட்டுக் 'கார்ரோ' என்றால் அது வண்டியாகும். ரகர றகர வேறுபாட்டை இளமையிலேயே எழுதிப் பழகிய நமக்கு இத்தகைய வேறுபாடு புதியதன்று.

நமக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயரின் மொழி ஸ்பானியத்துக்கு உடன்பிறப்பு. ஆதலின், அவர்கள் வழியாக நம் வீட்டுக்குள் வந்த சொற்கள் சில, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலும் முகங்காட்டுகின்றன. சப்பாத்து அங்கே 'சப்பாத்தோ', மேசை 'மேசா', பாண் 'பான்', துவாய் 'தோவாயா'. எனினும் எல்லாச் சொல்லையும் நம்புதல் ஆகாது. நமது கதிரையை நினைந்து 'கதேரா' என்று கேட்டால் அச்சொல் அங்கே இடுப்பைக் குறிக்கும். இருக்கைக்குச் 'சியா' என்றே கேட்டல் வேண்டும். இரண்டும் ஒரே இலத்தீன் மூலத்திற் பிறந்து, பொருளால் வேறுபட்டவை.

பேரத்தின் ஒழுங்கு வணக்கத்திற் தொடங்குகின்றது. 'புவெனோஸ் தியாஸ்' என்று சொல்லாது பொருளைத் தூக்கி விலை கேட்பது அங்கே நாகரிகமன்று. முன்னிலையில் 'உஸ்தெத்' என்னும் மரியாதைச் சொல்லையே ஆளவேண்டும். 'குவாந்தோ குவெஸ்தா?' என்பது விலைவினா. அடுத்து வருவது, 'மே லோ தேஹா என் ஓச்செந்தா?' என்னும் வாக்கியம். 'எண்பதுக்கு விட்டுத் தருவீர்களா?' என்பது கருத்து. 'குறையுங்கள்' என்னும் ஏவலினும் இவ்வினா எவ்வளவோ இனிது. 'உன் போக்கித்தோ மேனோஸ்', அதாவது 'சற்றே குறைவாக' என்பதிலும் அத்தகைய பணிவுண்டு. 'பிரேசியோ ஃபீஹோ' என்று எழுதியிருக்குங் கடையிலோ விலை மாறாது. ஆங்கே வாதிடுதல் வீண்.

இனி, இப்பயிற்சியில் நூல்கள் சொல்லாது விடுவதொன்றைக் கூறவேண்டும். சந்தையில் எதிரே அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் கிச்சே என்னும் மாயா மொழி பேசும் பெண். ஸ்பானியம் அவருக்கும் பிற்பாடு கற்ற மொழியே. இருபதுகளாக எண்ணும் மரபுடைய அவருடைய மொழியில் இருபதுக்குரிய 'ஹுவினாக்' என்னுஞ் சொல் 'ஒரு மனிதர்' எனப் பொருள்படும். கைவிரலும் காலின் விரலும் கூட்டினால் இருபதல்லவா! அத்தகையவர் தெளிந்த சிறு வாக்கியங்களாற் பேசுவது புதிதாகப் பயில்வோர்க்குப் பேருதவி.

ஆயின் அவர் விற்கும் 'குயிப்பில்' என்னும் மேற்சட்டைத் துணி விளையாட்டுப் பொருளன்று. தறியின் ஒருமுனையை மரத்திலோ தூணிலோ கட்டி, மறுமுனையை இடுப்பிற் பூட்டி, இருந்தவாறே நெய்வது அது. நுண்ணிய பூவேலையுடைய ஒன்றுக்குச் சில மாதங்கள் செல்லும். 1960 முதல் 1996 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரிற் கிச்சே மலைநாடு பெருந்துன்பம் உற்றது. கணவரை இழந்த பெண்கள் பலர் நெசவினாலேயே பிள்ளைகளை வளர்த்தனர். மொழி பழகுவதற்கென்று அத்தகையவரோடு அரைமணி நேரம் விலைபேசி, அவர் இணங்கியபின், 'வேண்டாம்' என்று நடப்பவர்கள் உளர். அது பயிற்சியன்று, ஏய்ப்பு. நாம் வாயாற் கூறிய விலைக்கு விற்பவர் உடன்பட்டால் வாங்குதல் கடன். வாங்கும் எண்ணம் இல்லாதவர் எண்ணைச் சொல்லவே கூடாது.

வாங்காமலும் பேசலாம். 'கியென் லோ தெஹியோ?', இதனை நெய்தவர் யார்? 'குவாந்தோ தியெம்போ தார்தோ?', எவ்வளவு காலஞ் சென்றது? இவ்வினாக்களுக்கு விடை இறந்தகாலத்திலேயே வரும். ஸ்பானியத்திற் கற்போரை மிக வருத்துவது இறந்தகால வினை. நெய்தேன், தொடங்கினேன், அம்மா கற்பித்தார் என ஒருவர் தம் தொழிலைக் கூறக் கேட்கும்போது, மனனஞ் செய்து மறந்த விகுதிகள் தாமே பதிகின்றன. அன்றியும், அவ்விடைகளைக் கேட்டபின் தொண்ணூறு சொன்ன துணியை எழுபதுக்குக் கேட்க நா எழுவதும் அரிது. பெரும்பாலும் எண்பத்தைந்தில் விலை முடியும். பணத்தை எண்ணிக் கொடுத்துக் 'கிராசியாஸ்' என்றபின், கிச்சே மொழியில் 'மால்தியோஷ்' என்றுஞ் சேர்த்து நன்றி கூறலாம்.