சிதைந்த கத்தரிச் செடியை மீண்டும் தழைக்கச் செய்தல்

கத்தரி ஒரு போகத்துடன் மடியும் பயிரன்று. வேர் நலமாயிருப்பின் பல மாதங்கள் நின்று பயன்தரும். ஆயினும், மாரிக்காற்றில் கிளைகள் முறிந்தாலோ, ஆடுமாடு புகுந்து தழையைக் கடித்தாலோ, கமக்காரர் பலர் தோட்டத்தையே அழித்துவிடுகின்றனர். புதிதாக நாற்று மேடையிட்டுக் காய் பறிக்க மூன்று மாதங்களுக்கு மேலாகும். வேரூன்றிய செடியை முறைப்படி வெட்டிவிட்டால் ஏறக்குறைய இரண்டு மாதங்களில் மீண்டும் காய் பெறலாம்.

1. செடியைத் தெரிதல்

தண்டின் பட்டையைச் சிறிது சுரண்டிப் பார்த்தல் வேண்டும். உட்புறம் பச்சையாயின் செடிக்கு உயிருண்டு. கபில நிறமாய் உலர்ந்திருப்பின் இல்லை.

இலை பச்சையாயிருக்கும்போதே செடி திடீரென வாடினால், அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுக. சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற இழை இறங்குமாயின் அது பற்றீரியா வாடல் நோயாகும். அச்செடியையும், இலைகள் சிறுத்துக் கொத்தாகும் சிற்றிலை நோய் கண்ட செடியையும் வேருடன் பிடுங்கி எரித்தல் வேண்டும். வாடல் நோய் கண்ட இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றை மீண்டும் நடலாகாது.

2. வெட்டுதல்

மழை ஓய்ந்த நாளில், கூரிய கத்தியால், நிலத்திலிருந்து 6 முதல் 8 அங்குல உயரத்தில், கணுவுக்குச் சற்று மேலே சரிவாக வெட்டுக. சரிவான வாயில் நீர் தேங்காது. முறிந்து தொங்கும் கிளையைக் கிழித்து இழுக்கலாகாது. ஒரு செடியை வெட்டியபின் மதுசாரத்தால் கத்தியைத் துடைத்தே மறு செடியைத் தொடுதல் வேண்டும். புழு துளைத்த குருத்துக்களை எரித்துவிடுக.

3. நீரும் பசளையும்

இலையிழந்த செடி சிறிதளவு நீரையே உறிஞ்சும். வழமைபோல் நீர் இறைத்தால் வேர் அழுகும். மண் ஈரமாயிருந்தாற் போதும். நன்கு மக்கிய எருவைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி இட்டு, மண் அணைத்து, வைக்கோலால் மூடுக. வைக்கோல் தண்டைத் தொடலாகாது. புதுத் தளிர் விரலளவு வளர்ந்த பின்னரே யூரியா இடலாம். தளிர்களுள் வெளிநோக்கி வளரும் திடமான மூன்று அல்லது நான்கை நிறுத்தி, ஏனையவற்றைக் களைதல் நன்று.

4. காவல்

இளந்தளிரை ஆடு முதலில் நாடும். இம்முறை கடிபட்டால் செடி மீள்வது அரிது. ஆதலின், வேலியை அடைத்த பின்னரே கத்தியை எடுத்தல் வேண்டும். நோய் பற்றி ஐயமுண்டாயின், செடியுடன் சென்று அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக.