சின்ன ஃபைபர்கிளாஸ் டிரெய்லர்: பார்த்து வாங்க, பழுது நீக்க, பேண

காரின் பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகளில் ஃபைபர்கிளாஸ் டிரெய்லர் ஒரு தனி ரகம். வட அமெரிக்காவில் அதற்கு ‘முட்டை’ என்று செல்லப் பெயர். 1968இல் கனடாவின் வின்னிபெக் நகரில் ரே ஒலெக்கோ, சாண்டோர் டூசா இருவரும் ‘போலர்’ என்ற 13 அடி வண்டியைக் கொண்டுவந்தார்கள். ஒலெக்கோ அதற்கு முன் ஃபைபர்கிளாஸ் செப்டிக் டேங்க் உருவாக்கியவர். கழிவுத் தொட்டிக்கு ஒத்துவந்த பொருள் மனிதர் தூங்கும் அறைக்கும் ஒத்துவரும் என்று கண்டதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். பிறகு மினசோட்டா மாநிலத்தின் பேக்கஸ் என்ற சிற்றூரிலிருந்து ‘ஸ்காம்ப்’, ஒன்டாரியோவிலிருந்து ‘டிரில்லியம்’, டெக்சஸின் ரைஸ் ஊரிலிருந்து ‘காசீட்டா’ என்று வரிசையாக வந்தன. வாடகை டிரெய்லருக்குப் பேர்போன யூ-ஹால் நிறுவனம்கூட 1980களின் நடுவில் வாடகைக்கு விட இப்படிப்பட்ட வண்டிகளைச் செய்து, பின்னர் அவற்றை விற்றுத் தீர்த்தது. போலர் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அதனால் இந்த ரகத்தில் பழையதை வாங்குபவர்கள் ஏராளம்.

வாங்குவதற்கு முன் அதன் கட்டுமானத்தைப் புரிந்துகொள்வது பாதி வேலையை முடித்த மாதிரி. சாதாரண டிரெய்லரில் மரச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடித்து, கூரையை ரப்பரால் மூடுவார்கள். மூலைக்கு மூலை இணைப்பு, இணைப்புக்கு இணைப்பு கசிவு. ஃபைபர்கிளாஸ் வண்டியிலோ மேல்பாதி ஒரு வார்ப்பு, கீழ்பாதி இன்னொரு வார்ப்பு. அச்சின் உட்புறத்தில் முதலில் ஜெல்கோட் என்ற பளபளப்பான மேல்பூச்சைத் தெளித்து, அதன்மேல் கண்ணாடி இழையும் ரெசினும் படியவிடுகிறார்கள். இறுகிய இரு பாதிகளும் வண்டியின் இடுப்பு மட்டத்தில் சேர்கின்றன. கூரையில் ஒட்டு கிடையாது. அந்த உருண்டை வடிவம் அழகுக்காக மட்டும் வந்ததல்ல: மூலை கூர்மையாக இருந்தால் வார்ப்பு அச்சைவிட்டுப் பிரியாது, கொழுக்கட்டை அச்சிலும் இதே கதைதான். வளைவு இருந்தால் மெல்லிய சுவர்கூட விறைப்பாக நிற்கும். ஆக, கூடு எளிதில் கெடுவதில்லை. கெடுபவை அதில் போட்ட ஓட்டைகள், அடியிலுள்ள இரும்பு, தரையிலுள்ள மரம், சக்கர அச்சுக்குள் இருக்கும் ரப்பர். பளபளக்கும் வெளிப்புறத்தைப் பார்த்து விலை பேசுபவர், கெடாத பாகத்தை மட்டும் பார்த்து வாங்குகிறார்.

முதலில் கார், பிறகு டிரெய்லர்

காரின் கையேட்டில் எழுதியிருக்கும் இழுதிறனைப் பார்ப்பதுதான் முதல் படி. ஒரே மாடல் காருக்கு ஐரோப்பாவில் ஒரு எண்ணும் அமெரிக்காவில் வேறு எண்ணும் தரப்பட்டிருக்கலாம். கார் எந்த நாட்டில் விற்கப்பட்டதோ அந்த நாட்டுக் கையேடே கணக்கு. 13 அடி என்பதில் முன்னால் நீளும் இழுதண்டும் சேர்த்தி, அறையின் நீளம் சுமார் 10 அடிதான். ஆரம்பகால போலர் காலியாக 400 கிலோவை ஒட்டி இருந்தது. கழிவறை, ஏசி, ஹீட்டர் என்று சேர்ந்த பிற்கால வண்டிகள் அதைவிட நன்றாகவே கனமானவை. இதன்மேல் பாத்திரம், படுக்கை, பேட்டரி, கேஸ் சிலிண்டர், தண்ணீர். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விற்பவர் சொல்லும் எடையையோ பழைய விளம்பரத் தாளையோ நம்புவதைவிட, சாமான்களோடு லாரி எடைமேடையில் ஏற்றி நிறுத்துப் பார்ப்பது நல்லது.

மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு இழுதண்டின் முனையில் இறங்க வேண்டும். அது குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்பாக நெளியும். மிகுந்தால் காரின் பின்புறம் அமுங்கி, முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். காரின் கையேட்டில் இந்த முனை எடைக்கும் தனி வரம்பு உண்டு.

அடியிலிருந்து மேலே

பழைய வண்டியைச் சோதிக்கும்போது கீழிருந்து மேலே போவதுதான் சரியான வரிசை. தரையில் ஒரு பாய், ஒரு டார்ச், ஒரு சிறு சுத்தியல், ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.

இரும்புச் சட்டத்தில் மிகவும் பலவீனமான இடம், இழுதண்டு கூட்டின் அடியில் நுழையும் முன்பகுதி. பள்ளத்தில் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் முறுக்கு அங்கேதான் விழுகிறது. பெயின்டுக்கு மேல் மயிரிழைபோல ஓடும் துருக்கோடு பெரும்பாலும் விரிசலின் அடையாளம். அந்த இடத்தில் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். விரிசலை வெல்டிங் செய்யலாம். ஆனால் மேலே தகடு வைத்து வலுவூட்டாமல் விரிசலை மட்டும் அடைத்தால், அதே இடத்திற்குப் பக்கத்தில் மறுபடி விடும்.

அடுத்தது சக்கர அச்சு. இந்த வண்டிகளில் பலவற்றில் பட்டை வில் இருக்காது. சதுரக் குழாய்க்குள் இன்னொரு தண்டு, இரண்டுக்கும் இடையில் ரப்பர். சக்கரத்தைத் தாங்கும் சிறு கை அந்தத் தண்டோடு திரும்பும்போது ரப்பர் நசுங்கி அதிர்ச்சியை வாங்குகிறது. அந்தக் கை சுமையோடு எப்படி நிற்கிறது என்று பார்த்தால் அச்சின் நிலை தெரிந்துவிடும். பொதுவாக அது சற்றே கீழ்நோக்கி இருக்க வேண்டும். மட்டத்தைத் தாண்டி மேல்நோக்கித் திரும்பியிருந்தால் ரப்பர் செத்துவிட்டது. அதைப் பழுது பார்க்க வழியில்லை, அச்சையே மாற்ற வேண்டும். மாற்றும்போது மின்பிரேக் உள்ள அச்சாக வாங்கிவிடுவது கெட்டிக்காரத்தனம், ஏனென்றால் பழைய சிறு வண்டிகள் பலவற்றுக்கு பிரேக்கே கிடையாது.

டயரில் தேய்மானத்தைவிட வயது முக்கியம். பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஐந்தாறு ஆண்டுகள் தாண்டிய டயரை, பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடலாம்.

பிறகு தரை. கூடு ஃபைபர்கிளாஸ் என்றாலும் பல வண்டிகளில் தரை பிளைவுட் அல்லது அழுத்திய மரத்துகள் பலகை. வெறுங்காலோடு நடந்தால் மெத்தென்று அமுங்கும் இடம் காலுக்கே தெரியும். கதவடி, இருக்கைகளுக்குள் இருக்கும் மூலைகள், சக்கர மேட்டின் ஓரம் ஆகிய இடங்களில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். கம்பளத்தைத் தூக்க விடாத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை.

கடைசியாகத்தான் கூடு. மூடிய கதவை வெளியிலிருந்து பார்த்தால் அதன் வளைவும் உடலின் வளைவும் ஒன்றாக ஓட வேண்டும். கதவின் மேல்பகுதி தனியே துருத்தி நின்றால் கூரை இறங்கியிருக்கலாம். இதற்கு ஒரு வழக்கமான காரணம் உண்டு: முந்தைய சொந்தக்காரர் இடம் போதவில்லை என்று துணி அலமாரியை எடுத்திருப்பார். இந்த வண்டிகளில் அலமாரி வெறும் சாமான் அல்ல, கூரையைத் தாங்கும் தூணும் அதுதான். உள்ளே எதையாவது கழற்ற நினைப்பவர் முதலில் அதன்மேல் என்ன நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும். மேல்பூச்சில் மட்டும் சிலந்திவலைபோல் ஓடும் கோடுகள் கண்ணுக்குத்தான் குறை; நகம் சிக்கும் ஆழமான விரிசல், உள்ளேயும் தெரியும் விரிசல் ஆகியவை வேறு கதை. பணம் கைமாறும் முன் வண்டியின் வரிசை எண்ணும் பதிவுத் தாளும் பொருந்துகின்றனவா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

கசிவை நிறுத்துதல்

வாங்கியதும் செய்யவேண்டிய முதல் வேலை இதுதான். திரைச்சீலையும் மெத்தையும் அப்புறம். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸ் பைப்பால் தண்ணீர் விட வேண்டும். கீழே தொடங்கி மெல்ல மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் தண்ணீர் எந்த ஓட்டை வழியாக வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. கூரைக் காற்றுத்துளையின் விளிம்பு, ஜன்னல் சட்டங்கள், விளக்குகள், ரிவெட்டுகள் ஆகியவையே வழக்கமான வாசல்கள். போலர், ஸ்காம்ப் போன்றவற்றில் உள்ளே இருக்கும் அலமாரிகள் கூட்டைத் துளைத்த ரிவெட்டுகளில்தான் தொங்குகின்றன. ஆகவே ஒவ்வொரு ரிவெட்டும் ஒரு ஓட்டை.

கசிவு என்றதும் சிலிக்கான் குழாயைத் தேடுவது பெரும் தவறு. ஜன்னல் சட்டத்தின் வெளிவிளிம்பில் சிலிக்கானைப் பூசினால் ஒரு மழைக்காலம் தாங்கும். பிறகு அது உரியும், அதன் மெழுகுப் படலத்தின்மேல் வேறெதுவும் ஒட்டாது. சட்டத்தைக் கழற்றி, பழைய பசையை முழுக்கச் சுரண்டி, பியூட்டைல் டேப் ஒட்டி, மறுபடி திருகி இறுக்க வேண்டும். டேப் பிதுங்கி வரும். ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறை இறுக்கி, பிதுங்கியதைச் சீவிவிடலாம். தளர்ந்த ரிவெட்டைத் துளையிட்டு எடுத்து, பசை தடவிய புது ரிவெட் போட்டு மேலே பிளாஸ்டிக் மூடி வைத்தால் போதும்.

எல்லா ஈரமும் கசிவல்ல. இரண்டு பேர் தூங்கும் இவ்வளவு சிறிய அறையில் மூச்சுக்காற்றின் ஈரமே காலையில் சுவரில் முத்து முத்தாய் நிற்கும். குளிரானாலும் கூரைத்துளையையும் ஒரு ஜன்னலையும் விரலளவு திறந்து வைப்பதுதான் அதற்கு மருந்து.

விரிசலும் மெருகும்

உடைந்த இடத்தை உட்புறத்திலிருந்து சரிசெய்வது நல்லது. விரிசலைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடி இழைப் பாயைத் துண்டுகளாக வெட்டி, ரெசினில் நனைத்து அடுக்க வேண்டும். கெட்டிப்படுத்தும் திரவத்தை ரெசின் டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் விட்டால் கலவை கையிலேயே கொதித்து இறுகும். தேய்க்கும்போது எழும் தூசு நுரையீரலுக்கும் தோலுக்கும் கேடு. நல்ல முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொடக்கூடாது. எபாக்சியின்மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது. ஆகவே மேலே ஜெல்கோட் பூசும் எண்ணம் இருந்தால் முதலிலிருந்தே பாலியெஸ்டர் ரெசின்தான்.

வெளிப்புறம் சுண்ணாம்பு பூத்தாற்போல் மங்கியிருந்தால் உடனே பெயின்ட் அடிக்க வேண்டாம். படகுகளுக்கு விற்கும் மெருகுப் பசையால் தேய்த்து மெழுகு பூசினால் உள்ளே உறங்கும் பழைய நிறம் பெரும்பாலும் எழுந்துவிடும். மேலே வெள்ளை, கீழே நீலமோ ஆரஞ்சோ மஞ்சளோ என்ற அந்தக்கால இரட்டை நிறத்துக்கு ரசிகர்கள் நிறைய. போலரின் 50ஆம் ஆண்டை 2018இல் வின்னிபெக்கில் கொண்டாடியபோது நூற்றுக்கணக்கான வண்டிகள் கூடின. எந்த அலமாரியை எப்படி மாற்றலாம் என்று அறிய, அப்படி ஒரு கூட்டத்தில் திறந்த கதவுகளை எட்டிப் பார்த்து நடப்பதற்கு ஈடான வழி இல்லை.

கேஸும் கரண்டும்

பழைய கேஸ் குழாயையும் ரெகுலேட்டரையும் மாற்றிவிடுவதே முறை. மாற்றியபின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புநீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் உள்ளே ஒரு இரவும் தூங்கக்கூடாது. கேஸில் ஓடும் பழைய வகைக் குளிர்பெட்டி, வண்டி சாய்ந்து நின்றால் சரியாக வேலை செய்யாது. முகாமில் முதலில் வண்டியை மட்டம் பார்த்து நிறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சாலையில்

பழைய சிறு வண்டிகள் பலவற்றின் கொக்கி 1⅞ அங்குலக் குண்டுக்கானது; மற்றவை பெரும்பாலும் 2 அங்குலம். சிறிய கொக்கி பெரிய குண்டில் உட்காராது என்பதால் அதில் ஆபத்து குறைவு. பெரிய கொக்கி சிறிய குண்டில் சுலபமாக உட்கார்ந்து, ஒரு மேட்டில் கழன்றுவிடும். கொக்கியின் மேல் பொறித்த அளவையும் குண்டின் மேல் பொறித்த அளவையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பாதுகாப்புச் சங்கிலிகளை இழுதண்டின் அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். கொக்கி கழன்றாலும் தண்டின் முனை சாலையில் இடிக்காமல் சங்கிலியில் ஏந்தி நிற்கும். கனமான சாமானை அச்சுக்கு மேலும் சற்று முன்னும் வைக்க வேண்டும். சக்கரம் மாட்டிய பின் 80 கிலோமீட்டர் ஓட்டியதும் நட்டுகளை மறுபடி இறுக்குவதும், ஆண்டுக்கொரு முறை பேரிங்குகளைக் கழற்றிப் புதுக் கிரீஸ் வைப்பதும் தவறக்கூடாத வேலைகள். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் காரின் பிரேக்கை அழுத்தாமல் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும். டிரெய்லரின் மின்பிரேக்கைக் கையால் தனியே இயக்க வசதி இருந்தால் அதை மெல்ல இயக்கலாம்.

பனிக்காலத்தில் நிறுத்தி வைக்கும்போது குழாய், தொட்டி, பம்ப் எல்லாவற்றிலும் தண்ணீரை வடித்து, டிரெய்லர்களுக்கென்றே விற்கும் நச்சற்ற உறைதடுப்புத் திரவத்தைச் செலுத்த வேண்டும். காரின் ரேடியேட்டருக்கு ஊற்றுவது விஷம். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, அவ்வப்போது சார்ஜ் ஏற்றலாம். தளர்வான தார்ப்பாய் காற்றில் உரசி மெருகைத் தேய்க்கும், ஆகவே கொட்டகை இல்லையென்றால் மெழுகு பூசிய வண்டியை வெறுமனே விடுவதே மேல். மரத்தடி வேண்டாம். தரையில் வயர் நுழையும் துளைகளை இரும்பு நாரால் அடைத்துவிட்டால் எலி வராது.