வீட்டு மின்மானியும் மின்காந்த அலைகளும்

மாணவர்களே, சுழலும் அலுமினியத் தட்டுடன் இருந்த பழைய மின்மானியைக் கழற்றிவிட்டு இலக்க மானி பொருத்தப்படும்போது, "இதிலிருந்து கதிர் வருமாம், தலையிடி வருமாம்" என்று அயலில் யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெரியநீலாவணையில் உங்கள் வீட்டு மானி பொருத்திய சுவரின் மறுபுறம் உம்மம்மாவின் கட்டில் கிடக்கிறது எனக் கொள்வோம். அதை நகர்த்த வேண்டுமா? விடை உங்கள் விஞ்ஞானப் பாடத்திலேயே உண்டு.

முதலில் இரு வகை மானிகளைப் பிரித்தறிய வேண்டும். மானி வாசிப்பவர் வீட்டுக்கு வந்து எண்களைப் பார்த்துக் குறித்துச் செல்லும் சாதாரண இலக்க மானி, வாசிப்பை அனுப்பும் கருவியன்று. அது அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளந்து, நுகர்ந்த சக்தியைக் கிலோவாற்று மணித்தியாலத்தில் காட்டும். அதில் விட்டுவிட்டு ஒளிரும் சிவப்பு விளக்கைக் கண்டு சிலர் பயப்படுவர். அது நுகர்வை எண்ணும் துடிப்பு மட்டுமே. சுழலும் தட்டு செய்த வேலையை இப்போது அது செய்கிறது.

மற்றையது திறன் மானி. இது வாசிப்பைத் தானாகவே அனுப்பும். சில திறன் மானிகள் மின்கம்பி வழியாகவும், வேறு சில கைத்தொலைபேசியைப் போல ரேடியோ அலைகள் மூலமாகவும் அனுப்புகின்றன. 2010 அளவில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எதிர்ப்புக் கிளம்பியது இத்தகைய மானிகளுக்கே. இலங்கையில் மேற்குக் கரையோரத்தில் மின் வழங்கும் லெக்கோ நிறுவனமும் திறன் மானிகளைப் பொருத்தியுள்ளது.

இனி அலைகளைக் கவனியுங்கள். 900 மெகா ஹேட்ஸ் மீடிறனுடைய ரேடியோ அலையொன்றின் அலைநீளம், கதி = மீடிறன் × அலைநீளம் என்பதன்படி ஏறத்தாழ 0.33 மீற்றர். சிவப்பு ஒளியின் மீடிறன் இதைவிட ஏறத்தாழ 5 இலட்சம் மடங்கு அதிகம். அந்த ஒளியே அணுவிலிருந்து இலத்திரனை அகற்றி உடற்கலங்களைச் சிதைப்பதில்லை. எக்ஸ்-கதிர், காமாக் கதிர் ஆகியனவே அவ்வாறு அயனாக்கும். ஆகவே "கதிர்ப்பு" என்ற ஒரே சொல்லைக் கொண்டு இவற்றை ஒன்றாகக் கருதுவது பெருந்தவறு. பரீட்சையிலும் புள்ளி இழக்கும் இடம் இது.

ரேடியோ அலை மிகச் செறிவாக இருப்பின் இழையங்களைச் சூடாக்கும். அதனாலேயே சர்வதேச எல்லைகள் வகுக்கப்பட்டன. 900 மெகா ஹேட்ஸில் பொதுமக்களுக்கான எல்லை சதுர மீற்றருக்கு 4.5 வாற்று. திறன் மானி குறுகிய நேரங்களுக்கே அலை அனுப்புவதாலும், தூரம் இரு மடங்காகச் செறிவு ஏறத்தாழ நான்கிலொன்றாகக் குறைவதாலும், கட்டிலில் படுப்பவரை அடைவது இதில் மிகச் சிறு பங்கே. காதோடு ஒட்டிப் பிடிக்கும் கைத்தொலைபேசியே அதிகம் தருகிறது.

2011 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் ரேடியோ அலைகளை "2பி" எனும் வகுப்பில் சேர்த்தது உண்மையே. அதன் பொருள் "புற்றுநோயை உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று மட்டுப்பட்டது" என்பதாகும். முழுக் கற்றாழை இலைச் சாறும் அதே வகுப்பில் உண்டு! தலையிடி, நித்திரையின்மை பற்றி உலக சுகாதார அமைப்பு 2005 இல் கூறியது: அந்த வேதனை பொய்யன்று, ஆனால் அலைகளே காரணம் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. எனவே உம்மம்மாவின் தலையிடியைக் கேலி செய்யாதீர்கள், வைத்தியரிடம் காட்டுங்கள். கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

மானிப் பெட்டியில் அஞ்ச வேண்டியது வேறு. நமது கரையோரத்தின் உப்புக் காற்று உலோக முனைகளை அரிக்கும். அரித்த அல்லது தளர்ந்த முனையில் தடை கூடி, வெப்பம் பிறக்கும். கருகல் மணமோ இரைச்சலோ வந்தால் பெட்டியைத் திறக்காமல் மின் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். மக்கள் "ட்ரிப் சுவிட்ச்" என்பது 30 மில்லி அம்பியர் கசிவிலேயே சுற்றைத் துண்டித்து உயிர் காக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை இடையிடையே அழுத்திப் பாருங்கள்.

பயிற்சி: ஒரு மானியில் "1600 துடிப்பு = 1 கிலோவாற்று மணித்தியாலம்" என உள்ளது. மின்னழுத்தி மட்டும் இயங்கும்போது 3 நிமிடத்தில் 80 துடிப்புகள் எண்ணப்பட்டன. அதன் வலு யாது?

விடை: 80 ÷ 1600 = 0.05 கிலோவாற்று மணித்தியாலம். 3 நிமிடம் = 0.05 மணித்தியாலம். வலு = 1 கிலோவாற்று.