பன்னிரண்டு பட்டனும் ஒரு கட்டைவிரலும்



ரயில்வேயின் சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படித்தது டிப்ளமோ. லீவர், பட்டன், ரிலே இவற்றோடேயே காலத்தைக் கழித்த எனக்கு, அறுபது வயதுக்கு மேல் புதிதாக ஒரு பட்டன் பாடம் படிக்க நேர்ந்தது. கற்றுக் கொடுத்தவன் என் மகள் வயிற்றுப் பேரன், பதினைந்து வயதுப் பையன். பாடப்பொருள், கணிப்பொறி விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட பல பட்டன் மௌஸ். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று வந்திருக்கலாம், அல்லது வாங்கித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அதனால்தான் நான் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

எதற்கு இத்தனை பட்டன்?

முதலில் கொஞ்சம் வரலாறு. மௌஸைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான டக்ளஸ் எங்கெல்பார்ட். 1964-இல் உருவான முதல் மாதிரி மரப்பெட்டியால் ஆனது. அதில் ஒரே ஒரு பட்டன்தான். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அவர் அதை எல்லோருக்கும் செய்து காட்டியபோது பட்டன் மூன்றாகியிருந்தது. 1984-இல் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் மறுபடியும் ஒரே பட்டன் போதும் என்றது. அதன்பின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 2009-இல் ரேசர் நிறுவனத்தின் 'நாகா' மௌஸ் 17 பட்டன்களோடு வந்தது. அவற்றில் 12 கட்டைவிரலுக்கு மட்டும். 2012-இல் லாஜிடெக் நிறுவனத்தின் 'ஜி600' 20 பட்டன்களைத் தொட்டது.

இது வெறும் பகட்டு என்றுதான் நானும் நினைத்தேன். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் காரணம் விளங்கிற்று. அவன் ஆடுவது 2004-இல் வெளியான 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் விளையாட்டு. பல ஊர்க்காரர்கள் இணையத்தின் வழியே ஒரே கற்பனை உலகத்தில் வேடம் புனைந்து உலவுகிறார்கள். ஒருவர் போர்வீரர், ஒருவர் வைத்தியர், என் பேரன் மந்திரவாதி. ஒவ்வொரு வேடத்துக்கும் முப்பது நாற்பது செயல்கள் உண்டு. திரையின் அடியில் உள்ள முதல் பட்டையில் 12 கட்டங்கள் இருக்கின்றன. கீபோர்டின் மேல் வரிசையில் 1 முதல் 0 வரை பத்து விசைகள், அடுத்து கழித்தல் குறி, சமக்குறி, ஆகப் பன்னிரண்டு விசைகள் அவற்றுக்குரியவை.

சிக்கல் இங்கேதான். இடக்கை விரல்கள் நடப்பதற்குரிய நான்கு விசைகளின் மேல் இருக்கின்றன. வலக்கை மௌஸின் வலப் பட்டனை அழுத்திப் பிடித்துப் பார்வையைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. இடக்கைக்கு 1 முதல் 5 வரை எட்டும். அதற்கு மேல் எட்டவேண்டுமானால் நடப்பதை விடவேண்டும். மௌஸால் கட்டத்தைச் சொடுக்கலாமென்றால் திரும்புவதை விடவேண்டும். இரண்டு கைக்கும் வேலை இருக்க, சும்மா இருப்பது வலக்கையின் கட்டைவிரல் ஒன்றுதான். அந்தப் பன்னிரண்டு விசைகளையும் கொண்டுவந்து அதனடியில் வைத்துவிட்டார்கள். சிக்னல் கேபினில் நடையைக் குறைக்க லீவர்களை எடுத்துவிட்டுப் பேனல் வைத்தோமே, அதே யோசனைதான்.

வலி வந்த கதை

பேரனின் பிறந்தநாளுக்கு இருவருமாக டவுன்ஹால் பக்கத்து எஸ்.பி. ரோட்டுக்குப் போய் மௌஸ் வாங்கி வந்தோம். மூன்று வாரம் போயிற்று. ஒரு நாள் காலை டிபன் டப்பாவின் மூடியைத் திறக்க முடியாமல் அவன் அம்மாவிடம் நீட்டினான். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரமாக வலி. டாக்டர் பார்த்துவிட்டு, கட்டைவிரலை இழுக்கும் தசைநாரின் உறை வீங்கியிருக்கிறது, இரண்டு வாரம் ஓய்வு கொடுங்கள் என்றார். அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பேனா பிடிக்கவேண்டிய கை.

மாப்பிள்ளைக்குக் கோபம். "மாமா, நீங்க வாங்கிக் கொடுத்தது. நீங்களே தூக்கிப் போட்டுடுங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பையன் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம்தான் என்னைச் சங்கடப்படுத்தியது.

சிக்னல் பழுதானால் அறையைப் பூட்டிவிட்டு வருவது எங்கள் பழக்கமல்ல. எது எத்தனை முறை இயங்கிற்று என்று பார்ப்போம். மாப்பிள்ளையிடம் ஒரு மாதம் தவணை கேட்டேன். கை முழுவதும் குணமாகித் தேர்வும் முடிந்த பின், பையனை ஐந்து நிமிடம் மட்டும் ஆடச் சொல்லிக் கடிகாரத்தோடு பக்கத்தில் அமர்ந்தேன்.

ஒன்றரை வினாடிக் கணக்கு

ஒரு நிமிடத்தில் அவன் கட்டைவிரல் 150 தடவைக்கு மேல் அழுத்தியது. "எதுக்குடா கண்ணா ஒரே பட்டனை இத்தனை தடவை தட்டுறே?" என்றேன். "வேகமா தட்டினா வேகமா மந்திரம் போகும் தாத்தா" என்றான்.

அங்கேதான் பிழை. இந்த விளையாட்டில் ஒரு செயலைச் செய்தபின், அடுத்த செயலுக்கு ஒரு கட்டாய இடைவெளி உண்டு. மந்திரவாதிக்கு அடிப்படை இடைவெளி 1.5 வினாடி. வேகம் கூட்டும் பொருள்களை அணிந்தால் அது சற்றுக் குறையும். கணக்குப் போடுங்கள்: 60-ஐ 1.5-ஆல் வகுத்தால் 40. நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 அழுத்தம் போதும். மீதி நூற்றுப்பத்தும் வீண். மௌஸுக்கும் தேய்மானம், விரலுக்கும் தேய்மானம்.

இன்னொன்றும் அவனே தேடிப் படித்துச் சொன்னான். இடைவெளி முடிவதற்கு 0.4 வினாடி முன்பாகவே அடுத்த பட்டனை அழுத்தினாலும், விளையாட்டு அதை வரிசையில் வாங்கி வைத்துக்கொண்டு, நேரம் வந்ததும் செய்துவிடுகிறது. ஆகவே 'எங்கே தவறிவிடுமோ' என்று தட்டிக்கொண்டே இருக்கத் தேவையில்லை. ஒருமுறை, அளவாக, நேரத்தில் அழுத்தினால் போதும்.

பட்டன்களை அடுக்கும் முறை

அடுத்து, எந்தப் பட்டனில் எதை வைப்பது? பையன் பட்டையில் இருந்த வரிசைப்படியே வைத்திருந்தான். அடிக்கடி வேண்டியவை மூலையில் கிடந்தன. என்றோ ஒருநாள் வேண்டியது நடுவில் இருந்தது.

பழைய சிக்னல் கேபினைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நிறுத்தும் சிக்னலின் லீவர் சிவப்பு, பாயிண்ட் லீவர் கறுப்பு, பூட்டு லீவர் நீலம், உபயோகத்தில் இல்லாதது வெள்ளை. வேலையைப் பார்த்து வகை பிரித்திருக்கிறார்கள். மௌஸின் பட்டன்களுக்கு வர்ணம் அடித்துப் பயனில்லை; கட்டைவிரலுக்கு அடியில் இருப்பதைக் கண் பார்க்காது. பெயர் வேண்டும். எண் வைத்தால் கீபோர்டின் எண்களோடு குழம்புகிறது.

பன்னிரண்டு என்றதும் எனக்குத் தோன்றியது நம் உயிரெழுத்துகள்தாம். ஒரு தாளில் மூன்று மூன்றாக நான்கு வரிசை கட்டம் போட்டு, முன்னாலிருந்து பின்னால் எழுதினேன்:

அ ஆ இ
ஈ உ ஊ
எ ஏ ஐ
ஒ ஓ ஔ

பேரன் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கிறான். வீட்டில் தமிழ் பேசுவான், எழுத்து தெரியாது. நான் நாலைந்து வருஷமாக அரிச்சுவடியை எடுத்தாலே எழுந்து போய்விடுவான். அன்று தாளைப் பார்த்து, "கன்னடத்துல பதிமூணு இருக்கே தாத்தா, இதுல ஒண்ணு குறையுதே" என்றான். "அதனாலதான் உன் மௌஸுக்குத் தமிழ் சரியாப் பொருந்துது" என்றேன். சிரித்தான்.

பிறகு இருவரும் சேர்ந்து நான்கு விதிகள் வகுத்தோம்.

முதல் விதி: அடிக்கடி வேண்டியது விரல் இயல்பாக ஓய்ந்திருக்கும் இடத்தில். நடு இரண்டு வரிசைகளின் மையமான உ, ஏ இரண்டும் தினசரி மந்திரங்களுக்கு. கட்டைவிரலை மடக்கவோ நீட்டவோ தேவையில்லாத இடங்கள் இவை.

இரண்டாம் விதி: உறவுள்ளவை பக்கத்துப் பக்கத்தில். தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் அ-வுக்கு நேர் மேலே ஆ, இ-க்கு மேலே ஈ என்று வைத்திருக்கிறார்கள். குறிலைக் கற்றால் நெடில் தானே கைக்கு வரும். அதுபோலச் சிறிய தாக்குதல் எ என்றால், அதே வகையில் பெரியது அடுத்திருக்கும் ஏ.

மூன்றாம் விதி: அபூர்வமானது கோடியில். தமிழில் ஔ எத்தனை தடவை வருகிறது? ஊருக்குத் திரும்பும் செயலை அதில் வைத்தோம். எட்டாத மூலை அதற்குப் போதும்.

நான்காம் விதி: தவறி அழுத்தினால் நஷ்டம் தருவது ஒரு கையால் நடக்கக்கூடாது. எங்கள் பேனலில் ஒரு ரயிலுக்கு வழி அமைக்கச் சிக்னல் பட்டனையும் வழிப் பட்டனையும் சேர்த்து அழுத்தவேண்டும். கை தவறி ஒன்று மட்டும் அழுந்தினால் ஒன்றும் ஆகாது. அப்படியே இங்கும் ஆபத்தான செயல்களை, இடக்கையால் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு அழுத்தும்படி அமைத்தோம். ஷிஃப்ட் சேர்த்தால் பன்னிரண்டு பட்டனே இருபத்துநான்கு ஆகிவிடுகிறது என்பதும் லாபம்.

கைக்குப் பழக்குவது

பன்னிரண்டையும் ஒரே நாளில் பழக்க முயன்றதுதான் பையன் செய்த மற்றொரு தவறு. நாங்கள் வாரத்துக்கு மூன்று என்று வைத்தோம். முதல் வாரம் உ, ஏ, ஆ. மற்றவை வெற்றாக இருந்தன. சண்டை இல்லாத இடத்தில், பயிற்சிப் பொம்மையின் முன் நின்று, நான் எழுத்தைச் சொல்வேன், அவன் பார்க்காமல் அழுத்துவான். தொடர்ந்து பத்துத் தடவை சரியாக வந்தால் அன்றைய பாடம் முடிந்தது. நான்காவது வாரம் பன்னிரண்டும் வந்தன. நானே மறந்து ஒருநாள் ஓ என்பதற்கு ஒ என்றேன். "குறிலா நெடிலா தாத்தா, சரியா சொல்லுங்க" என்று அதட்டினான்.

இரண்டு எச்சரிக்கைகள். மௌஸைத் தூக்கி வைக்கும்போது கட்டைவிரலால் கவ்வக்கூடாது. பட்டன்கள் தாமே அழுந்தும், தசைநாரும் இழுபடும். மோதிரவிரலும் சுண்டுவிரலும் ஒரு பக்கம், உள்ளங்கை மறுபக்கம் தாங்கவேண்டும். அடுத்து, ஒரே அழுத்தத்தில் பல செயல்களைத் தானாகச் செய்விக்கும் மென்பொருள்கள் கிடைக்கின்றன. அவற்றைப் பல விளையாட்டு நிறுவனங்கள் தடை செய்திருக்கின்றன, கணக்கையே முடக்கிவிடுவார்கள். ஓர் அழுத்தம், ஒரு செயல் என்பதே நாணயம்.

வாங்கும்போது

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெட்டியைத் திறந்து கையில் வைத்துப் பார்க்கட்டும். உள்ளங்கை படிந்திருக்கும்போது கட்டைவிரல் கடைசி வரிசைக்குத் தொந்தரவில்லாமல் எட்டவேண்டும். சிறு கைக்குப் பன்னிரண்டு வேண்டாம். ஆறு பட்டன் உள்ளதே போதும். இவை பெரும்பாலும் வலக்கைக்காரர்களுக்கே செய்யப்படுகின்றன. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்குக் கேட்டு விசாரித்து வாங்குங்கள். விண்டோஸ் கணிப்பொறி ஒரு மௌஸில் ஐந்து பட்டன்களைத்தான் தானே அறியும். மற்றவை கீபோர்டு விசைகளைப் போல நடிக்கின்றன. அதற்கான அமைப்பை மௌஸின் உள் நினைவிலேயே பதிந்துகொள்ளும் மாடல் நல்லது. வேறு கணிப்பொறியில் செருகினாலும் மாறாது.

இப்போது பேரன் வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஆடுகிறான். நடுவில் கை நீட்டி மடக்க ஐந்து நிமிட நிறுத்தம். எங்கள் பாஷையில் கிராஸிங். தவணை முடிந்த அன்று மாப்பிள்ளை வந்து பார்த்தார். பையன் டிபன் டப்பாவைத் தானே திறந்து காட்டினான். மௌஸ் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

திரையின் பக்கத்தில் ஒட்டிய தாள் இன்னும் அங்கேயே இருக்கிறது. கைக்கு மனப்பாடம் ஆகிவிட்டதால் அவனுக்கு அது தேவையில்லை. போன வாரம் அதன் அடியில் பென்சிலால் புதிதாக ஒரு வரிசை கண்டேன்: க ங ச. "பதினெட்டுக்குப் பட்டன் இல்லையேடா?" என்றேன். "பட்டன் எதுக்கு தாத்தா, சும்மாதான்" என்றான்.