கிரிப்டோ நாணய முதலீடு: ஏமாறாதிருக்க ஒரு பாடம்

என்னிடம் முன்னர்க் கணக்குப் பயின்ற மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு இல்லம் வந்தார். கைப்பேசியில் ஒரு செயலியைக் காட்டி, “டீச்சர், நாளொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று வருகிறது. உங்கள் சேமிப்பையும் இதில் போடுங்கள்” என்றார். நான் தாளும் பேனாவும் எடுத்தேன். அன்று போட்ட கணக்கே இன்றைய பாடம்.

கணக்கு

நூற்றுக்கு ஒன்று சிறிதாகத் தோன்றும். ஆனால் 10,000 ரூபாய் நாள்தோறும் அவ்வாறு பெருகினால் ஓராண்டில் ஏறத்தாழ 3,78,000 ரூபாயாகும். ஈராண்டில் 1 கோடியே 42 லட்சத்தைத் தாண்டும். நேர்மையான எத்தொழிலும் இவ்வாறு ஈட்டாது. பின் முதலில் கைக்கு வரும் பணம் எங்கிருந்து வருகிறது? பின்னால் சேர்ந்தவர் கட்டியதே முன்னால் சேர்ந்தவருக்கு ‘இலாபம்’ எனத் தரப்படுகிறது. புதியவர் வரவு குறைந்ததும் கடை மூடப்படும்.

நடந்த சான்றுகள்

பிட்கனெக்ட் என்னும் நிறுவனம் மாதம் 40 விழுக்காடு வரை கிடைக்கும் என ஆசை காட்டியது. 2018 சனவரியில் அத்திட்டத்தை மூடியதும் அதன் நாணய விலை சரிந்து வீழ்ந்தது.

பல்கேரியாவில் 2014இல் தொடங்கிய ஒன்காயின், ஆள் சேர்த்தவருக்குத் தரகு தந்து பரவியது. பிட்காயினின் பரிமாற்றங்கள் யாவும் பிளாக்செயின் எனும் பொதுப் பேரேட்டில் பதிவாகின்றன. எவரும் அதைப் பார்க்கலாம். ஒன்காயினுக்கு அத்தகைய மெய்யான பேரேடே இல்லை. விலையை நிறுவனமே எழுதிக்கொண்டது. அதன் தலைவி ரூஜா இக்னாட்டோவா 2017இல் தலைமறைவானார். கூட்டாளிக்கு 2023இல் அமெரிக்க நீதிமன்றம் 20 ஆண்டுச் சிறை விதித்தது.

நினைவிற்கொள்ள வேண்டிய குறிகள்

1. இழப்பே இல்லை, இவ்வளவு இலாபம் உறுதி என்பது.
2. ஆள் சேர்த்தால் தரகு என்பது. உறவினரும் நண்பருமே முதலில் அணுகப்படுவர். சொல்பவர் நல்லவர் என்பதால் திட்டம் நல்லதாகிவிடாது.
3. இன்றே கட்டுக, வீட்டில் சொல்லற்க என அவசரப்படுத்துவது.
4. முதலில் சிறு தொகையைத் திருப்பித் தந்து நம்பவைப்பது.
5. பெருந்தொகை கேட்கும்போது, முன்னதாக ‘வரி’ கட்டு என்பது. கிரிப்டோ ஆதாயத்திற்கு 2022 முதல் இந்தியாவில் 30 விழுக்காடு வரி உண்டு. அது அரசுக்குச் செலுத்துவது. நம் பணத்தை விடுவிக்க வரி கேட்பவர் வஞ்சகரே.

ஏமாந்தால்

அன்று என் சேமிப்பைத் தர மறுத்தேன். “நீ எவ்வளவு போட்டாய், தம்பி?” என்று மட்டும் கேட்கத் தவறினேன். அவர் மனைவியின் நகைகளை அடகு வைத்திருந்தார். பணத்தை எடுக்க முயன்றபோது ‘வரி’ கேட்டனர், அதையும் கட்டினார். வெட்கத்தால் மூன்று மாதம் எவரிடமும் சொல்லவில்லை. அம்மௌனமே வஞ்சகருக்குத் துணையாயிற்று. ஏமாந்தவர் உடனே 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்தல் வேண்டும். விரைந்து சொன்னால் பணத்தை இடையில் முடக்க வழியுண்டு. வீட்டார் கடிந்துரைக்காமல் முதலில் செவிசாய்த்தல் வேண்டும்.

பயிற்சி

1. உங்களிடம் வந்த திட்டத்தில் இலாபம் எத்தொழிலிலிருந்து வருகிறது? ஒரே வாக்கியத்தில் எழுதுக.
2. புதிதாக எவரும் சேராவிடில் அது நிற்குமா?

முதல் வினாவிற்கு விடை எழுத இயலாவிடில், பணப்பையைத் திறவாதிருத்தலே சரியான விடை. இவ்விரு வினாக்களையும் இன்றிரவு வீட்டில் அனைவரும் கூடியிருக்கும்போது உரக்கப் படியுங்கள்.